அஞ்சு ரூபாய் பாக்கெட்டிடம் தோற்ற மல்லாட்டை

போன கார்த்திகை மாசம். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். வேர்க்கடலையை எங்கள் செங்கம் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். பதினோரு மணி வாக்கில் மருமகளிடமிருந்து போன். "மாமா, பாப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அவரு வேலைக்குப் போயிட்டாரு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

பாப்பா என்றால் என் பேத்தி. ஒன்பது வயசு, நாலாங்கிளாஸ். டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கு வேனில் போய் வருகிறாள். கொஞ்ச நாளாகவே அவள் கழுத்தைச் சுற்றிக் கருப்பாகப் படர்ந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து என் வீட்டம்மா பயத்தமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "இது அழுக்கு இல்ல சார். உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா கழுத்து, அக்குள்ல இப்படிக் கருக்கும். பாப்பாவோட எடை வயசுக்கு மீறி இருக்கு. ரத்தத்துல சர்க்கரை இன்னும் ஏறல. இப்பவே சாப்பாட்டையும் விளையாட்டையும் கவனிச்சா சரி பண்ணிடலாம்." எழுதிக்கொண்டே கேட்டார்: "சார் என்ன பண்றீங்க?"

"பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். இப்ப ஊர்ல இயற்கை விவசாயம்."

பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நண்பர்களே, இந்தப் பத்திரிகையில் நாம் பஞ்சகவ்யம் பற்றி எழுதுகிறோம், பாரம்பரிய விதை பற்றி எழுதுகிறோம், விலை கிடைக்கவில்லை என்று எழுதுகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை என்ன தின்கிறது என்று நாம் எழுதியது ரொம்பக் குறைவு. இந்த முறை அதை எழுத ஆசிரியர் குழு இடம் கொடுத்திருக்கிறது. முதலில் என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

கொடுத்தவன் நான்தான்

பாப்பாவுக்கு யார் பாக்கெட் வாங்கிக் கொடுத்தது என்று வீட்டில் பேச்சு வந்தது. மருமகள் மேல் பழி போடுவது சுலபம். உண்மை அது இல்லை. சாயங்காலம் டவுனிலிருந்து திரும்பும்போதெல்லாம் பேத்திக்கு ஏதாவது வாங்கிப் போகாவிட்டால் எனக்கே மனசு கேட்காது. ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு கிரீம் பிஸ்கட், ஒரு ஜூஸ் டப்பா. தாத்தா பாசம்! வீட்டுத் தாழ்வாரத்தில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை கிடக்கும். ரசாயன உரம் போடாமல், மருந்தடிக்காமல், களைக்கு ஆள் விட்டு நானே விளைவித்தது. அதைத் தாண்டிப் போய் பேத்தி கையில் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்தவன் நான்.

அன்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். முப்பத்து மூணு வருஷம் பேங்கில் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்காது. ஒரு 5 ரூபாய் பாக்கெட்டைப் பிரித்து, வீட்டில் தபால் நிறுக்க வைத்திருக்கும் சின்னத் தராசில் போட்டேன். உள்ளே இருந்தது சுமார் 12 கிராம். மீதி எல்லாம் காற்று. அப்படியானால் கிலோ 400 ரூபாய்க்கு மேல். உருளைக்கிழங்கு விளைவித்தவனுக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே 5 ரூபாய்க்கு, சில்லறைக் கடை விலையில் வாங்கினாலும், 35 கிராம் மல்லாட்டைப் பயறு வரும். அதில் ஒரு கைப்பிடி வேக வைத்துத் தின்றால் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் பசிக்காது. சிப்ஸ் தின்றால் பத்து நிமிஷத்தில் அடுத்த பாக்கெட்டைக் கேட்கும். அப்படிக் கேட்க வைக்கும் உப்பும் எண்ணெயும் கணக்குப் போட்டுத்தான் சேர்க்கிறார்கள்.

ஜூஸ் டப்பாவையும் படித்தேன். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒரு டம்ளர் குடித்தால் ஐந்து ஸ்பூன். என் காப்பியில் அரை ஸ்பூன் போட்டாலே வீட்டம்மா முறைப்பார். எனக்கு சர்க்கரை வந்து பதினாலு வருஷம் ஆகிறது. பேத்திக்கு ஐந்து ஸ்பூனை உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இது டவுன் நோய் இல்லை

"இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிரச்சினை சார். நம்ம ஊர்ல பிள்ளைங்க எலும்பும் தோலுமா இல்ல இருக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுமே உண்மை. ஒரே தெருவில் ஒரு பிள்ளை ரத்தசோகையோடு இருக்கிறது, அடுத்த வீட்டுப் பிள்ளை எடை கூடி மூச்சு வாங்குகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். தட்டில் அரிசி இருக்கிறது, பாக்கெட் இருக்கிறது. பருப்பு, கீரை, காய், கடலை குறைவு.

தேசியக் குடும்ப நல ஆய்வு என்று அரசே வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கு இருக்கிறது. நான்காவது ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 30.9 சதவீதம். ஐந்தாவது ஆய்வில் அது 40.4. ஆண்களில் 37. நாடு முழுக்க ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை 2.1 சதவீதத்திலிருந்து 3.4 ஆகியிருக்கிறது. 2025இல் யூனிசெஃப் ஒரு அறிக்கை விட்டது. உலக அளவில் 5 முதல் 19 வயசு வரை உள்ள பிள்ளைகளில், எடைக்குறைவாக இருப்பவர்களைவிட உடல்பருமன் உள்ளவர்கள் முதல் முறையாக அதிகமாகிவிட்டார்கள் என்று அதில் இருக்கிறது.

கிராமத்தில் ஏன் வந்தது? நம் கண் முன்னால்தான் நடந்தது. நான் படிக்கும்போது இரண்டரை மைல் நடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாட்டுக்குப் புல்லறுக்க வேண்டும், ஆட்டை ஓட்டி வர வேண்டும். இன்று வேன் வாசலில் வந்து நிற்கிறது. திரும்பி வந்தால் டியூஷன், அதற்குப் பிறகு போன். ஏரிக்கரையில் விளையாடிய இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நடையும் ஓட்டமும் போன அதே இருபது வருஷத்தில்தான் பாக்கெட் வந்தது. நான் மேனேஜராக இருந்தபோது பெட்டிக்கடை வைக்க எத்தனையோ பேருக்குக் கடன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடையில் என்ன விற்பீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. தவணை ஒழுங்காக வந்தால் போதும் என்றிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது?

பேத்தி படிக்கும் பள்ளியில் போன வருஷம் ஒரு நாள் ஆரோக்கிய முகாம் நடந்தது. நல்ல எண்ணத்தில்தான் நடத்தியிருப்பார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, எடையைச் சத்தமாகப் படித்து, ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பாப்பாவின் எடையைப் படித்ததும் வகுப்பே சிரித்திருக்கிறது. ஒரு வாரம் வயிற்று வலி என்று சொல்லி அவள் பள்ளிக்கே போகவில்லை. எங்களுக்குக் காரணம் தெரிய இரண்டு மாசம் ஆனது. மறு மாசம் சத்துணவு பற்றி சார்ட் பேப்பரில் படம் வரையச் சொன்னார்கள். அவள் கேரட், ஆப்பிள், பால் வரைந்து பரிசு வாங்கினாள். பரிசு என்ன தெரியுமா? ஒரு சாக்லேட் டப்பா.

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பெரும்பாலான இடங்களில் உடல்பருமன் தடுப்பு என்றால் இதுதான். ஒரு முகாம், ஒரு படம், ஒரு உறுதிமொழி. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். ஐந்து வயசிலிருந்து பதினேழு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிசு.

பாடம் நடத்துவதை நன்றாகவே செய்தால்கூட அது மட்டும் போதாது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் 54 தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். தினமும் அரை மணி நேரம் கூடுதல் விளையாட்டு, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சமையல் வகுப்பு என்று ஒரு வருஷம் செய்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. அந்தப் பிள்ளைகளுக்கும், திட்டம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கும் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பள்ளிக்கூடம் தனியாகச் செய்து இதை மாற்றிவிட முடியாது என்றுதான் அதை நடத்தியவர்களே எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பள்ளிக்கூடத்தில் எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவு கட்டக்கூடாது. பிள்ளைக்கு எது நல்லது என்று தெரிந்தால் மட்டும் போதாது; அது கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். பள்ளிக்கூட வாசலிலும் பள்ளிச் சமையல்கூடத்திலும் என்ன பொருள் வந்து இறங்குகிறது என்பதுதான் முக்கியம். பொருள் என்று வந்துவிட்டால் அது வாத்தியார் வேலை இல்லை நண்பர்களே. விளைவிக்கிற நம்முடைய வேலை.

வாசலில் இருபத்திரண்டு அடி

சட்டம் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது. எங்கள் ஊர் அரசுப் பள்ளி வாசலில் நின்று நடந்து பார்த்தேன். இருபத்திரண்டு அடி எடுத்து வைத்ததும் கடை வந்துவிட்டது.

கடை வைத்திருப்பவர் வீட்டுக்காரரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். விதியைக் காட்டி அந்தக் கடையை மூட வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உட்கார்ந்து பேசினேன்.

"ஏம்மா, நம்மூர்ல இவ்ளோ மல்லாட்ட விளையுது. அவிச்சு வெச்சு விக்கலாம்ல?"

"யாரு சார் கொண்டாந்து தராங்க? சிப்ஸ் கம்பெனி வண்டி வாரத்துக்கு ரெண்டு வாட்டி வருது. சரக்கு போட்டுட்டுப் போறான். எலி கடிச்ச பாக்கெட்டக் கூட மாத்திக் குடுக்கறான். தொங்க விட கம்பியும் அவனே மாட்டிட்டான். நீங்க மூட்டையா யாவாரிக்குப் போட்டுட்டுப் போயிடறீங்க. அவிச்ச மல்லாட்ட அன்னிக்கே விக்கலன்னா ஊசிப் போயிடும். நட்டம் யாருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. முப்பத்து மூணு வருஷ பேங்க் அனுபவத்தில் எந்த அறிக்கையிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பாக்கெட் ருசியால் மட்டும் ஜெயிக்கவில்லை. அது கடைக்கு வந்து சேர்கிறது, நஷ்டத்தைத் தான் ஏற்கிறது, அதனால் ஜெயிக்கிறது. நம் மல்லாட்டை கடைக்கே வருவதில்லை. அப்புறம் பிள்ளை எப்படி வாங்கும்?

எங்கள் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். தை மாசத்திலிருந்து மாத்தி மாத்தி ஒருவர் பொறுப்பு. மணலில் வறுத்த மல்லாட்டையைக் காகிதப் பொட்டலமாகக் கட்டி அந்தக் கடையில் கொடுக்கிறோம். 5 ரூபாய்ப் பொட்டலத்தில் கடைக்கு ஒரு ரூபாய். விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். கொய்யா இருக்கும் காலத்தில் கொய்யா, நெல்லிக்காய். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பொட்டலம் போகிறது. சிப்ஸ் இன்னும் அதைவிட அதிகமாகத்தான் போகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் போன வருஷம் பூஜ்யமாக இருந்தது இன்று இருபது.

அரசாணையில் திறந்து கிடக்கும் கதவு

அடுத்தது பள்ளிச் சமையல்கூடம். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1956இல் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, பிற்பாடு முட்டை, சுண்டல், 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம். பசியைத் தீர்க்க வந்த திட்டங்கள் இவை. பருமனைப் பேசுகிறேன் என்று சொல்லி இந்தத் தட்டில் ஒரு கரண்டியைக் கூடக் குறைக்கச் சொல்ல நான் ஆளில்லை. அதைச் செய்கிறவன் பாவி. நான் கேட்பது அளவைப் பற்றி இல்லை, பொருளைப் பற்றி.

காலை உணவில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அளவில் ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை என்று போகிறது, கூடவே காய் போட்ட சாம்பார். அந்தத் திட்டத்தின் ஆணையிலேயே ஒரு வரி இருக்கிறது. வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது, அந்தந்த ஊரில் கிடைக்கும் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்து கொடுக்கலாம் என்று. கதவு திறந்துதான் கிடக்கிறது. உள்ளே போக நம்மிடம் மூட்டை தயாராக இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு ஊர்க்காரனாகப் போனேன். தலைமையாசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டுக் கேட்டார். "சார், பொருள் மேலேயிருந்து வருது. நான் தனியா வாங்க முடியாது. ஆனா நீங்க வருஷம் முழுக்க, சுத்தமா, ஒரே விலையில தர்றோம்னு எழுதிக் குடுத்தா, நான் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பறேன்." சமைக்கும் மகளிர் குழு அம்மா ஒருவர் சொன்னார்: "சாமை குடுத்தா ஆக்கிடறோம் சார். எங்க ஆயா காலத்துல அதானே ஆக்கினாங்க. கல்லு இல்லாம குடுங்க, அது போதும்."

அன்று ராத்திரி மறுபடி கணக்குப் போட்டேன். எங்கள் பள்ளியில் 62 பிள்ளைகள். ஆளுக்கு 50 கிராம், வாரம் இரண்டு நாள் என்றால் 6.2 கிலோ சாமை அரிசி. வருஷத்துக்கு 44 வாரம் பள்ளி என்று வைத்துக்கொண்டால் சுமார் 270 கிலோ. உமி போக அவ்வளவு அரிசி வர 430 கிலோ சாமை வேண்டும். மானாவாரியில் நம் பக்க விளைச்சலுக்கு ஒன்றரை ஏக்கர் போதும். கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெறும் ஒன்றரை ஏக்கர்!

விலை? சாமை அரிசி ரவையைவிடக் கிலோவுக்கு 50 ரூபாய் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பிள்ளை சாப்பிடுவது 100 கிராம். கூடுதல் செலவு ஒரு பிள்ளைக்கு வாரம் 5 ரூபாய். வாசலில் தொங்குகிறதே, அந்த ஒரே ஒரு பாக்கெட்டின் விலை.

மாநிலம் முழுக்கப் பார்த்தால், காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் 15 லட்சத்துக்கும் மேல். இதே கணக்கில் வருஷத்துக்கு 6,600 டன் சிறுதானியம். சாமை, வரகு, தினை, கேழ்வரகு போட்டுவிட்டு யாவாரி சொல்லும் விலைக்குத் தலையாட்டும் நமக்கு, அறுவடைக்கு முன்னாலேயே உறுதியான ஒரு சந்தை. ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கிறவருக்கு அடிவாரத்துப் பள்ளிக்கூடம்தான் பக்கத்துச் சந்தை. இது தானம் இல்லை. நேர்மையான கொடுக்கல் வாங்கல்.

இப்படியெல்லாம் எங்காவது நடக்குமா என்று கேட்டால், பிரேசில் நாட்டைச் சொல்வேன். 2009இல் அங்கே சட்டமே போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாகப் பொருள் வாங்க வேண்டும் என்று அன்று அந்தச் சட்டம் சொன்னது. இயற்கை முறையில் விளைந்தது என்றால் 30 சதவீதம் வரை கூடுதல் விலை கொடுக்கலாம். 2020இல் இன்னொரு விதி வந்தது. அந்தப் பணத்தில் முக்கால் பங்காவது பதப்படுத்தாத, அல்லது குறைவாகப் பதப்படுத்திய உணவுக்கே போக வேண்டும் என்று அன்று அந்த விதி சொன்னது. அதனால் பிரேசிலில் பருமன் ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் அது பெரும் பிரச்சினைதான். ஆனால் பிள்ளையின் தட்டையும் உழவனின் களத்தையும் ஒரே சட்டத்தில் கட்டிப்போட முடியும் என்று காட்டிவிட்டார்கள். நம் இயக்கம் இந்த ஒற்றைக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பள்ளி உணவுக்கு வாங்கும் பொருளில் ஒரு பங்கு, அந்த வட்டாரத்து உழவர் குழுவிடமிருந்து வர வேண்டும்.

நம் முதுகையும் பார்ப்போம்

ஊரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. இயற்கை அங்காடிகளுக்குப் போய்ப் பாருங்கள். தினை பிஸ்கட், கம்பு லட்டு, நாட்டுச்சர்க்கரை மிட்டாய். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் முதல் பொருள் மைதா, இரண்டாவது சர்க்கரை, நாலாவதாகத் தினை. நாட்டுச்சர்க்கரையும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். பனங்கருப்பட்டியும் அப்படியே. அளவு மீறினால் பிள்ளை உடம்பு நம் கொள்கையைப் பார்த்து இரக்கப்படாது. தீட்டி வெள்ளையாக்கிய சாமையும் அரிசி மாதிரிதான் வேலை செய்யும். சிறுதானியம் மருந்து இல்லை, மந்திரம் இல்லை. தவிட்டோடு, காயோடு, பருப்போடு, அளவாகச் சாப்பிட்டால் நல்ல சாப்பாடு. அவ்வளவுதான்.

பிள்ளை விஷயத்தில் இன்னொன்று. குண்டு, பூசணி, யானைக்குட்டி என்று கேலி பேசுவதை வீட்டிலேயே நிறுத்துங்கள். கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு வயசையும் உயரத்தையும் வைத்துத்தான் எடை சரியா என்று பார்க்க வேண்டும், அதை டாக்டர் பார்ப்பார். பட்டினி போட்டு இளைக்க வைக்கப் பார்ப்பது ஆபத்து. வளரும் உடம்பு அது. எடை பார்க்கும் பள்ளிக்கூடங்கள் தனியாகப் பார்த்து, பெற்றோரிடம் மட்டும் சொன்னால் போதும். இதை அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தேன். இந்த வருஷ முகாமில் திரை கட்டி, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது, எழுதிப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு மாசத்துக்குள் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளி வாசலிலிருந்து கடை வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். கடைக்காரரிடம் சண்டை போடாமல், எந்தப் பொருளை எந்த விலையில் கொடுத்தால் வைப்பார் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போய் உட்காருங்கள். உங்கள் பிள்ளையோ பேரனோ அங்கே படித்தால் உங்களுக்கு உரிமையே உண்டு. பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு, நான் போட்ட கணக்கை உங்கள் பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை ஏக்கர் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், நாலு பேர் சேர்ந்து பங்கு பிரித்துக்கொள்ளலாம். எங்கள் குழு எழுதிக் கொடுத்த கடிதம் இப்போது வட்டார அலுவலகத்தில் இருக்கிறது. பதில் வரவில்லை. ஆடிப் பட்டத்துக்கு ஒன்றரை ஏக்கரில் சாமை விதைப்பது என்று மட்டும் முடிவு செய்துவிட்டோம். ஆணை வந்தால் பள்ளிக்கு. வராவிட்டால் சந்தைக்கு. கடன் கொடுத்தே பழகியவன் நான், இந்த அளவு ரிஸ்க் எடுக்கலாம் என்று எனக்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பாப்பாவைக் கேட்பீர்கள். எடை குறையவில்லை, ஆனால் ஏறுவது நின்றிருக்கிறது. உயரம் கூடும்போது சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். கழுத்துக் கருப்பு லேசாக மங்கியிருக்கிறது. சாயங்காலம் வேனை ஊருக்கு வெளியே பாலத்தண்டை நிறுத்தச் சொல்லிவிட்டோம். அங்கிருந்து கொல்லை வழியாக இரண்டு பேரும் நடந்து வருகிறோம். முதல் வாரம் அழுதாள். இப்போது அவளாகவே முன்னால் ஓடிப் போய், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு நிற்கிறாள். பையில் வறுத்த மல்லாட்டை இருக்கும். சில நாள் அதைத் தின்பாள். சில நாள், "தாத்தா, ஒரே ஒரு சிப்ஸ் பாக்கெட்டு" என்று கேட்பாள்.

மாசத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன். மற்ற நாளுக்கு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அறுபத்தேழு வயசில் நான் படிக்கும் புதுப் பாடம் இது.